இரண்டாவது ஓட்டு

அத்தியாயம் 9

மகளின் தோள் எலும்பு முறிந்த அந்தப் பிப்ரவரிக் காலையில் தொடங்கிய கோபம், நடீனை அக்டோபர் மாதத்து இந்தச் சனிக்கிழமை வரை இழுத்து வந்திருந்தது. க்வாரி சாலையில் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் பனிக்குவியல். பள்ளிக்கு நடந்துபோன கெல்சி சாலையில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. பார்சல் வண்டியின் பக்கக் கண்ணாடி அவளை அடித்துத் தள்ளியது. வண்டி ஓட்டியவன் இறங்கி வந்து அவளைவிட அதிகமாக அழுதான்.

நடைபாதை கேட்டு நகரசபைக்குப் போனவளிடம், "இதுக்கு முன்னாடி அங்க யாரும் அடிபட்டதில்லையே" என்றார் உறுப்பினர் டேல் வீட்மன். நடீன் வெளியே வந்தாள். மறுநாள் வேட்புமனு வாங்கினாள்.

ஆஷ்பி ஹைட்ஸ் சின்ன ஊர். இந்த முறை சபையில் இரண்டு இடங்களுக்குத் தேர்தல். நிற்பவர்கள் மூன்று பேர். ஒருவர் ஹாலரன் என்ற பெண் கால்நடை மருத்துவர். நாயோ பூனையோ இல்லாத வீடு ஊரில் குறைவு என்பதால் அவர் ஜெயிப்பதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. மிச்சமிருக்கும் ஓரிடத்துக்குத்தான் நடீனும் டேலும். ஆளுக்கு இரண்டு ஓட்டு. மூவரில் யாராவது இரண்டு பேருக்குப் போடலாம்.

இவ்வளவுதான் கணக்கு. இது யாருக்கும் புரியவில்லை என்பதுதான் நடீனின் துயரம்.

அன்று காலை அப்பா வீட்டு வாசலில் காரை நிறுத்தியவள் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்பா எமிலின் வீடு நாற்சந்தி முனையில் இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கிற எல்லாரும் அந்தப் புல்வெளியைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே தன் பெயர் எழுதிய நீலப் பலகையை நடீன்தான் போன மாதம் நட்டுவிட்டுப் போனாள். இன்று அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை நின்றது. டேல் வீட்மன், மீண்டும் உங்கள் சேவையில். இரண்டும் ஒரே உயரம், ஒரே வரிசை. கல்யாணப் புகைப்படத்தில் நிற்கிற ஜோடி மாதிரி இருந்தது.

எமில் இலை வாரிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது என்ன?"

"எது?"

"பச்சையா நிக்குதே, அது."

"டேலோடது. நேத்து வந்து வெச்சுக்கட்டுமான்னு கேட்டான். வெச்சுக்கோன்னேன்."

"வெச்சுக்கோன்னீங்களா?"

"அவன் கோணலா நட்டுட்டுப் போயிட்டான். நான்தான் கயிறு பிடிச்சு நேராக்கினேன்." அவர் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். "இப்ப நல்லா இருக்கில்ல?"

நடீன் கண்ணை மூடித் திறந்தாள். "அவர் என்னை எதிர்த்து நிக்கிறார்ப்பா."

"எதிர்த்தா? ரெண்டு சீட்டு இருக்கு. நீ ஒண்ணு, அவன் ஒண்ணு."

"அப்ப ஹாலரன்?"

"நாய் டாக்டரா? அவளுக்கு ஊரே போடும். நாம வேற எதுக்கு?"

"எல்லாரும் போடறதாலதான் அந்த ஒரு சீட்டு அவங்களுக்குப் போயிடுதுங்கறேன். மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அதுல நானா அவரான்னுதான் கேள்வியே."

எமில் இலைக் குவியலைத் வாருகோலின் முதுகால் தட்டிச் சரிசெய்தார். "நான் வியாழக்கிழமையே தபால்ல போட்டுட்டேன். முதல்ல உனக்கு. அப்புறம் அவனுக்கு. ரெண்டு வட்டத்தையும் கோட்டுக்கு வெளிய போகாம அழகா கறுப்பாக்கினேன்."

"போட்டுட்டீங்களா?"

"உனக்குப் போடாம வேற யாருக்குப் போடுவேன்?"

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிப் பேருந்துகள் எது எங்கே போக வேண்டும் என்று நாளெல்லாம் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. பொறுமையாக, மெதுவாக, ஒரே விஷயத்தைப் பல தடவை சொல்லிப் பழகியவள்தான்.

"அப்பா, எனக்கு ஒண்ணு போட்டீங்க. அவருக்கு ஒண்ணு போட்டீங்க. இப்ப அவரைவிட நான் எவ்வளவு முன்னாடி?"

"சமம்."

"நீங்க போடாமலே இருந்திருந்தா?"

அவர் யோசித்தார். "அப்பவும் சமம்தான்."

"அதான்."

"என்ன அதான்? ஓட்டுப் போடாம வீட்டுல இருன்றியா? வயசுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு தேர்தல் விட்டதில்ல நான். ரெண்டு போடச் சொன்னா ரெண்டு போடணும். ஒண்ணை வெறுமனே விட்டா அது என்ன ஓட்டு? பாதிக் கிண்ணம் சூப்பு மாதிரி."

"அவர் நடைபாதை வேண்டாங்கறவர்ப்பா. கெல்சிக்கு அடிபட்டப்ப என்ன சொன்னார்னு உங்களுக்கே தெரியும்."

எமில் வாருகோலை நிறுத்தினார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"தெரியும். அதுக்காக அவன்கூட ரெண்டு மாசம் பேசல நான். ஆனா போன வருஷம் நான் நிலவறைப் படியில விழுந்து கிடந்தப்ப யாரு வந்தா? ராத்திரி என் வீட்டு விளக்கு அணையலையேன்னு பார்த்து வந்தவன் அவன். ஆம்புலன்ஸ்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தவன் அவன். நீ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்கு விடிஞ்சிடுச்சு."

நடீன் பச்சைப் பலகையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாள்.

சிவப்பு விளக்கில் ஒரு கார் நின்றது. உள்ளே இருந்தவர் இரண்டு பலகைகளையும் பார்த்தார், நடீனைப் பார்த்தார், சிரித்துக் கையசைத்தார். நடீனும் கையசைத்தாள். வேட்பாளர் கையசைக்காமல் இருக்க முடியாது.

"சாயந்திரம் தீயணைப்பு நிலையத்துல மட்டி விருந்துக்கு வருவேல்ல?" என்றார் எமில்.

"வராம?"

"அப்ப சிரிச்ச முகமா வா. இப்படி இருந்தா யாரும் போட மாட்டாங்க."

மதியம் முழுவதும் நடீனும் அவள் கணவன் க்ரெக்கும் கதவு தட்டினார்கள். க்ரெக் வீட்டு ஹீட்டர்களைப் பழுதுபார்ப்பவன். ஊரில் பாதி நிலவறைகளை அவனுக்குத் தெரியும். அது உதவும் என்று தொடக்கத்தில் நம்பியிருந்தார்கள்.

முதல் வீட்டில் ஒரு பெண், நாயைக் காலால் தடுத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"நடீன்தானே? கவலையே படாதீங்க. என் ரெண்டுல ஒண்ணு உங்களுக்குத்தான்!"

"ரொம்ப நன்றி. இன்னொண்ணு?"

"டேலுக்கு. பாவம், நல்ல மனுஷன்."

அடுத்த வீட்டில் ஒரு கிழவர். "ஒண்ணு உனக்கும்மா. இன்னொண்ணு யாருக்குன்னு சொல்ல மாட்டேன், அது ரகசியம்." அவர் ஜன்னலில் பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தது.

அதற்கடுத்த வீட்டில், "உங்க ரெண்டு பேரையும் எங்களுக்குப் பிடிக்கும். சண்டை போடாம நிக்கிறீங்க பாருங்க, அதான் அழகு" என்றார்கள். சூடான ஆப்பிள் சாறு கொடுத்தார்கள். நடீன் குடித்தாள்.

தெருமுனைக்கு வந்ததும் க்ரெக் சொன்னான்: "எல்லாரும் உனக்குத்தான் போடறாங்க. ஒருத்தரும் உன்னை ஜெயிக்க வைக்கல."

"சிரிக்காத."

"சிரிக்கல. பேசாம சொல்லிடேன் நடீன். எனக்கு மட்டும் போடுங்க, இன்னொண்ணை அப்படியே விட்டுடுங்கன்னு. இல்லைன்னா அந்த இன்னொண்ணை டாக்டருக்காவது குடுங்கன்னு."

"எப்படிச் சொல்றது? சாறு குடுக்கறாங்க. அவங்க வாசல்ல நின்னுக்கிட்டு, டேலுக்குப் போடாதீங்கன்னா?"

"போடாதீங்கன்னுதானே கேக்கறோம்? வேற எதுக்கு நிக்கிறோம்?"

"பேராசை மாதிரி இருக்கு க்ரெக். என்னால முடியல."

அவன் அவளைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படி விட்டுவிட்ட வாக்கியங்கள் அவளுக்குத் தெரியும். சொன்னவற்றைவிட அவைதான் அவளோடு அதிக நாள் இருந்தன.

ஜெயிக்க விரும்புவதற்கும் ஜெயிக்கக் கேட்பதற்கும் நடுவில் ஒரு சிறிய வாசல்படி இருக்கிறது. மகளுக்காக அவள் எதையும் செய்வாள் என்று ஊரே சொல்கிறது. அந்தப் படியை மட்டும் தாண்ட முடியவில்லை. தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீள மேசைகள் போட்டிருந்தார்கள். பெரிய அண்டாக்களிலிருந்து ஆவி கூரை வரை எழுந்தது. மட்டிகள் வலைப்பைகளில் வெந்து வந்தன. ஆளுக்கு ஒரு பை, பாதிக் கோழி, சோளக்கதிர், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கிண்ணத்தில் உருகிய வெண்ணெய். அக்டோபரில் இந்த விருந்துக்கு வராதவர்களை ஊர் வெளியூர்க்காரர்களாகவே நினைக்கும்.

கெல்சி பரிமாறுகிற பிள்ளைகளோடு நின்றிருந்தாள். தட்டை இடது கையில் ஏந்தியிருந்தாள். வலது தோள் இன்னும் முழுதாக உயரவில்லை.

எமில் தன் பந்துருட்டும் குழுவோடு நடு மேசையில் இருந்தார். நடீனைக் கண்டதும் அவருடைய நண்பர் கஸ், வெண்ணெய்க் கையோடு எழுந்து நின்றார்.

"வா பொண்ணு, வா! நாங்க எல்லாரும் உனக்குப் போட்டாச்சு!"

"போட்டாச்சா?"

"உங்கப்பன் விட்டானா? ஒவ்வொருத்தனா பிடிச்சு வேன்ல ஏத்தி, முன்கூட்டியே ஓட்டுப் போடற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். புதன்கிழமை எங்க குழு மொத்தமும் அங்கதான். உருட்ட யாருமே வரல."

மேசை முழுவதும் சிரித்தது. எமில் அடக்கமாக இருக்க முயன்று தோற்றார்.

அறுவை செய்து முட்டியில் வைத்த இரும்புத் துண்டோடு இந்த மனிதர் வேன் ஏற்பாடு செய்திருக்கிறார். ஒரு வார்த்தைகூட அவளிடம் சொல்லவில்லை. காலையில் அவரிடம் பேசிய குரலுக்காக வெட்கப்பட்டாள்.

"எமில் ஒரு வழி சொன்னான் பாரு," என்றார் கஸ். "நாய் டாக்டர் எப்படியும் ஜெயிச்சிடுவா, அவளுக்குப் போட்டு வீணாக்காதீங்க. ரெண்டையும் உருப்படியா போடுங்கன்னான். ஒண்ணு உனக்கு, ஒண்ணு டேலுக்கு. அத்தனை பேரும் அப்படியே குத்திட்டு வந்தோம்."

நடீன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தனை பேருமா?"

"ஒருத்தன் தப்பல!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நேரத்தில் மனிதர்கள் ஏதாவது ஒரு பொருளைக் கையில் எடுக்கிறார்கள். அவள் ஒரு மட்டி ஓட்டை எடுத்தாள். திறந்து காலியாக இருந்தது. அதைத் திரும்ப வைத்தாள்.

பக்கத்து மேசையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பினார். பெயர் லாயிட். டேலோடு மீன்பிடிக்கப் போகிறவர். சூது தெரியாத ஆள்.

"என்ன கஸ், நீங்க ரெண்டு போட்டீங்களா? எங்ககிட்ட டேல் ஒண்ணு மட்டும் போடச் சொன்னாரே. எனக்கு மட்டும் போட்டுட்டு இன்னொண்ணை அப்படியே விட்டுடுங்க, இல்லைன்னா டாக்டருக்குக் குடுங்கன்னாரு."

எமிலின் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

"யாரு சொன்னா?"

"டேல்தான். எங்க எல்லார்கிட்டயும். ஏன், உங்ககிட்ட சொல்லலையா?"

கஸ் வெண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். எமில் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் தான் சொன்ன 'சமம்' என்ற வார்த்தை இப்போதுதான் அவருக்குள் இறங்குகிறது என்பதை நடீன் கண்டாள். அப்பாவுக்குப் புரிய வேண்டும் என்று எவ்வளவோ தவித்தவள். புரிந்துவிட்ட அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"விடுங்கப்பா. நாம வீட்டுக்குப் போகலாம்." நடீன் அவர் கையைப் பிடித்தாள்.

"கையை எடு," என்றார் எமில்.

மேசையை ஊன்றி எழுந்தார். டேலின் மேசை அண்டாக்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் போகப் போக வழியிலிருந்த மேசைகள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. நடீன் பின்னாலேயே போனாள். க்ரெக் எங்கிருந்தோ வந்து அவளருகில் நின்றுகொண்டான்.

டேல் பரந்த தோளும் சிவந்த முகமுமான மனிதர். எமிலைக் கண்டதும் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். அருகில் அவர் மனைவி பெவ் சோளக்கதிரிலிருந்து முத்துகளைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த மகன்கள் இருவரும் எதிரே இருந்தார்கள்.

"உக்காருங்க எமில். சாப்பிட்டீங்களா?"

"உன் ஆளுங்ககிட்ட ஒண்ணு மட்டும் போடச் சொன்னியா?"

டேல் ஒரு கணம் தயங்கினார். "சொன்னேன். அதுல சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்ல."

"சட்டத்தை யாரு கேட்டா? எங்கிட்ட என்ன சொன்ன? நேத்து பலகை நட வந்தப்ப இல்ல, அதுக்கு முன்னாடி. என் சமையலறையில உக்காந்து, காபி குடிச்சுக்கிட்டு."

"எமில்..."

"'நடீனும் நானும் உங்க வீட்டுப் பிள்ளைங்க மாதிரி, ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க'ன்னே. நான் அதையே ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"நடீனுக்குப் போடாதீங்கன்னு நான் சொல்லலையே."

அது உண்மைதான். அதுதான் எமிலை மேலும் நொறுக்கியது என்று நடீனுக்குத் தோன்றியது. பொய் சொல்லியிருந்தால் கத்தியிருக்கலாம்.

"கேக்கறவன் கேக்கத்தான் செய்வான், எமில்," என்றார் டேல், தாழ்ந்த குரலில். "நடீனும் கேட்டிருக்கலாம். நான் தடுக்கல."

அவர் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. அதனாலேயே நடீனுக்குக் காது சுட்டது. மதியம் க்ரெக் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான்.

"நீ அவளுக்குப் போட்டியா?" என்றார் எமில்.

"நான் போட்டியில நிக்கிறவன்."

"போட்டியா இல்லையா?"

அண்டாவின் மூடி ஆவியில் தடதடத்தது. தீயணைப்புக்காரர் ஒருவர் வந்து அதை நகர்த்தி வைத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

"இல்ல," என்றார் டேல். "எங்க வீட்டுல எல்லாருமே முன்கூட்டியே போட்டாச்சு. எல்லாரும் ஒண்ணுதான் போட்டோம். மறைக்க இதுல என்ன இருக்கு?"

எமில் தலையசைத்தார். கோபம் வடிந்துபோய் வெறும் வயது மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. நடீன் அவர் முழங்கையைப் பிடித்தாள். இந்த முறை அவர் உதறவில்லை. இருவரும் திரும்பினார்கள்.

"ஆமா," என்றாள் பெவ்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அவள் கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள், சத்தம் வராமல்.

"நானும் ஒண்ணுதான் போட்டேன். நடீனுக்கு."

டேல் சிரித்தார். மனைவி சொன்ன வேடிக்கைக்குப் பொது இடத்தில் கணவன் சிரிக்கிற சிரிப்பு. மகன்களைப் பார்த்தார். அவர்கள் சிரிக்கவில்லை. பெவ்வும் சிரிக்கவில்லை.

"பெவ்?"

"இங்க கேக்காத டேல். வீட்டுக்குப் போய்க் கேளு."

"ஏன்னு மட்டும்..."

"கேக்காதன்னு சொன்னேன்."

அவள் எழுந்து கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்து நடீனுக்கு எதிரே நின்றாள். கண்கள் காய்ந்திருந்தன.

"நாளைக்கு நான் உங்க வீட்டுக்கு வரலாமா?"

நடீன் தலையாட்டினாள். பெவ் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். அவளைத் தொடர்ந்து போவதா உட்காருவதா என்று தெரியாமல் டேல் பாதி எழுந்த நிலையில் நின்றுகொண்டிருந்தார்.

இத்தனை மாதங்களில் தன் வீட்டுக்கு வெளியே ஒரு முழு ஓட்டைத் தனக்கென்று வைத்துக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான் என்று நடீன் நினைத்தாள். ஊரில் எல்லார் கதவையும் அவள் தட்டியிருந்தாள். டேலும் பெவ்வும் இருக்கும் அந்த வீட்டை மட்டும் தட்டாமல் தாண்டிப் போயிருந்தாள்.